கரு ஒட்டும் வரை இருந்த அந்த நாட்கள்

மழைத்துளி:
ஐவிஎஃப் (சோதனைக் குழாய்) சிகிச்சையில் முட்டை எடுத்த மறுநாள் காலை லேபிலிருந்து போன் வந்தது. எடுத்தது ஒன்பது, கருவானது ஆறு. "ஒரே ராத்திரியில் ஆறு பிள்ளைக்கு அம்மா ஆகிவிட்டேன்" என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். ஐந்தாம் நாள் மறுபடி போன். இரண்டுதான் மிஞ்சியிருந்தன.

மற்ற நான்கும் என்ன ஆயின என்று கேட்டேன். விந்தணுவும் முட்டையும் சேர்ந்துவிட்டாலே எல்லாக் கருவும் வளர்ந்துவிடாது, குரோமோசோம் கோளாறு இருந்தால் பாதி வழியிலேயே நின்றுவிடும் என்றார் லேபில் கருவைக் கவனிக்கும் எம்பிரியாலஜிஸ்ட். இயற்கையாகக் கருத்தரிக்கும்போதும் இப்படித்தானாம். உடம்புக்குள் நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை, லேபில் வளர்த்தால் எண்ணிச் சொல்லிவிடுகிறார்கள். எண்ணாமல் இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

கருவைக் கருப்பைக்குள் வைக்கும் டிரான்ஸ்ஃபர் அன்று சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, திரையில் கருவைக் காட்டினார்கள். ஐந்து நாள் பிளாஸ்டோசிஸ்ட். நீர் கோத்த ஒரு பந்து, உள்பக்கம் ஓரமாக ஒரு செல் கொத்து. அந்தக் கொத்துதான் குழந்தையாகும், சுற்றியுள்ள வரிசை நஞ்சுக்கொடியாகும் என்றார்கள். அப்புறம் ஸ்கேனில் ஒரு வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. "இதோ குழந்தை!" என்றேன். அது கருவோடு சேர்ந்து போன காற்றுக்குமிழியாம். கரு அந்த ஸ்கேனில் தெரியவே தெரியாது!

எழுந்து நடந்தால் விழுந்துவிடுமோ என்று பயந்து கழிப்பறைக்குக்கூடப் போகாமல் படுத்திருந்தேன். நர்ஸ் அக்காதான் அதட்டினார். கருப்பை என்ன, திறந்து வைத்த பையா? இரண்டு சுவரும் மூடிய நோட்டின் பக்கங்கள் போல ஒட்டித்தான் இருக்குமாம்.

நான்காம் நாள் பொறுமை போய், வீட்டிலேயே சிறுநீரில் கர்ப்பம் பார்க்கும் கார்ட் டெஸ்ட் செய்தேன். மங்கலாக இரண்டாவது கோடு. வீடே கொண்டாட்டம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் கோடு இல்லை. முட்டை எடுக்க முப்பத்தாறு மணி நேரம் முன்னால், முட்டை முதிர்வதற்காகப் போட்ட டிரிகர் ஊசி இருக்கிறதே, அதிலிருந்த மருந்தே ஹெச்சிஜிதான். கரு ஒட்டியதும் உடம்பில் சுரக்கும் ஹார்மோனும் அதுதான், கார்ட் தேடுவதும் அதே ஹெச்சிஜி. ஊசி உடம்பை விட்டுப் போக பத்து, பதினான்கு நாள்கூட ஆகலாம். நான் பார்த்தது ஊசியின் கோடு. மார்பு வலி, அசதி எல்லாம் இருந்ததே என்று கேட்டால், அது உள்ளே வைக்கும் புரோஜெஸ்டரோன் மாத்திரையின் வேலையாம். ரத்தத்தில் ஹெச்சிஜியை அளக்கும் பீட்டா பரிசோதனையும் நெகட்டிவ்.

உறைய வைத்திருந்த இன்னொரு கருவை மூன்று மாதம் கழித்து வைத்தார்கள். அந்த முறை கார்டைத் தொடவே இல்லை. பீட்டா பாசிட்டிவ். மகளுக்கு இப்போது இரண்டு வயது.

நீலவானம்:
எங்கள் கதை கொஞ்சம் சிரிப்பு. ஸ்கேனில் "ஆறு வாரம்" என்றதும் என் கணவர் முகம் மாறிவிட்டது. வெளியூர் வேலை முடிந்து அவர் திரும்பி நாலரை வாரம்தான் ஆகியிருந்தது! டாக்டர் கணக்கைப் பிரித்துச் சொன்னார். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் வாரத்தை எண்ணுவார்கள். முட்டை வெளிவருவது சுமாராக இரண்டு வாரம் கழித்து, அதிலிருந்து அது கருவாகி ஒட்ட இன்னும் ஆறிலிருந்து பத்து நாள் ஆகும். ஆக, நாள் தள்ளிப்போய் நாம் "நாலு வாரம்" என்று சொல்லும்போது கருவுக்கு வயது இரண்டு வாரம்தான். கணவர் வாசலில் வந்து மன்னிப்புக் கேட்டார். நான் உடனே மன்னிக்கவில்லை, அது வேறு விஷயம்.

கிளிஞ்சல்:
எனக்கு இரண்டு கோடும் பளிச்சென்று விழுந்தன. ஒரு வாரத்தில் வயிற்றில் ஒரு பக்கம் மட்டும் வலி, லேசான கசிவு. ஹெச்சிஜி இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாக வேண்டியது, சோம்பலாக ஏறியது. ஸ்கேனில் கருப்பை காலி. கரு குழாயிலேயே ஒட்டிவிட்டது. விந்தணு முட்டையைச் சந்திப்பதே கருக்குழாயில்தான். அங்கிருந்து கருப்பைக்கு வர மூன்று நான்கு நாள் பயணம். பழைய தொற்றால் என் குழாயில் தழும்பு இருந்ததாம், நடுவில் நின்றுவிட்டது. சீக்கிரம் கண்டுபிடித்ததால் ஊசி மருந்தோடு முடிந்தது. கரு ஒட்டியது கார்டுக்குத் தெரியும், எங்கே ஒட்டியது என்று தெரியாது. ஒருபக்க வலி, தோள்பட்டை வலி, மயக்கம் இருந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தோழிகளே.

அகல்விளக்கு:
இன்று எனக்கு டிரான்ஸ்ஃபர் முடிந்து ஐந்தாம் நாள். காலையில் இளஞ்சிவப்பாக ஒரு துளி கசிவு. இது ஒட்டும்போது வருவதா அக்கா?

மழைத்துளி:
இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மகள் தங்கியபோது எனக்குக் கசிவே இல்லை. மாத்திரை வைப்பதாலும் இப்படி வரும். சிகிச்சை இடத்தில் சொல்லிவிடுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அப்புறம், கார்ட் வாங்கி வைத்திருக்கிறீர்களா?

அகல்விளக்கு:
மூன்று.

மழைத்துளி:
கணவரிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லுங்கள்.