இங்கிலாந்தில் வெள்ளைக்காரர் கல்யாணத்துக்குப் போன அனுபவம் உங்களுக்கு உண்டா?

ரெடிங் ராசா:
மூன்று வருடமாகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கூட வேலை பார்க்கிற பையனுடைய கல்யாணம், ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஒரு கிராமம். பத்திரிகையில் போட்டிருந்த நேரம் மாலை ஏழரை. ஏழரை என்றதுமே சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணம் மதியம் ஒரு மணிக்கு என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள், தாலி கட்டுகிற நேரத்துக்குப் போகாமல் சாயங்காலம் போய் நின்றால் நன்றாகவா இருக்கும் என்று மனைவி பட்டுப்புடவை, மகள் பாவாடை சட்டை, கையில் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு, இப்படிப் போய் இறங்கினோம். வழி தவறி சர்ச்சுக்குப் போகாமல் நேராக மண்டபத்துக்கே போய்விட்டோம். வாசலில் ஒரு பலகை, அதில் மேசை வாரியாகப் பெயர்கள். முதல் மேசையிலிருந்து பன்னிரண்டாவது வரை விரலை வைத்துத் தேடினேன். இல்லை. திரும்ப முதலிலிருந்து தேடினேன். மகள் அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருந்தாள், "அப்பா, நம்ம பேரை எழுத மறந்துட்டாங்களா?" என்று சத்தமாகக் கேட்டாள். மாப்பிள்ளைப் பையனே ஓடிவந்து மூன்று நாற்காலி போடச் சொல்கிறேன் என்றான், அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேறு வேலை இருக்கிறது என்று என்னவோ உளறிவிட்டு வந்துவிட்டோம். குத்துவிளக்கு இன்னும் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது.

ஹாரோ அக்கா:
தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், தப்பு உங்கள் மேல்தான். பகல் விருந்தாளி வேறு, சாயங்காலக் கொண்டாட்டத்துக்கு மட்டும் அழைக்கப்படுகிற ஈவினிங் கெஸ்ட் வேறு, ஏழரை என்று போட்டால் நீங்கள் இரண்டாவது வகை. பகலில் தட்டுக்கு இத்தனை பவுண்டு என்று பேசி, யாருக்குக் கோழி, யாருக்கு மீன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருப்பார்கள், நம் ஊர் மாதிரி இன்னொரு பந்தி போட முடியாது. அந்தச் சாப்பாட்டுக்குப் பெயர் வெட்டிங் பிரேக்ஃபாஸ்ட், நாலு மணிக்குச் சாப்பிட்டாலும் அதே பெயர்தான். 1886 வரைக்கும் பகல் 12 மணிக்குள் கல்யாணம் முடிந்தாக வேண்டும் என்பது சட்டம், அந்தக் காலத்துப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். நீங்கள் சர்ச்சுக்கு வழி கண்டுபிடித்துப் போயிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. சர்ச் ஆஃப் இங்கிலாந்து கல்யாணம் பொது வழிபாடு, அழைப்பே இல்லாதவர்கூட பின்பெஞ்சில் உட்காரலாம். இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பத்திரிகையில் பிள்ளை பெயர் இல்லை என்றால் பிள்ளைக்கு அழைப்பு இல்லை. வருகிறோமா இல்லையா என்று கேட்ட தேதிக்குள் பதில் போடுங்கள். பரிசுப் பட்டியல் கொடுத்திருந்தால் அதிலிருந்து வாங்குங்கள், குத்துவிளக்கெல்லாம் வேண்டாம். அப்புறம் பெண்கள் வெள்ளை உடுத்தாதீர்கள், விக்டோரியா ராணி 1840-இல் வெள்ளையில் கல்யாணம் செய்த பிறகு பரவிய வழக்கம் அது, மணப்பெண்ணுக்கு மட்டும்தான். என் கதை? கேரளத்து வெள்ளைக் கசவுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். பெண்ணின் அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் நீலச் சால்வையை என் மேல் போர்த்திவிட்டார்.

முத்துநகர்:
அக்கா, அவர் ஆலோசனை கேட்கவே இல்லையே. குத்துவிளக்கு கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, என் விஷயம். எங்கள் தூத்துக்குடியில் கிறிஸ்தவக் கோயிலில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள் இல்லையா, இங்கேயும் அதே மாதிரி மூன்று ஞாயிறு வாசிக்கிறார்கள். கல்யாணத்தன்று விகார், அதாவது பாதிரியார், மறுபடியும் ஒரு தடவை, சட்டப்படி தடை ஏதாவது தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். அந்த அமைதியில் மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருத்தன் வேண்டுமென்றே இருமினான். கோயிலே சிரித்தது, விகாரும்தான். நான் பெண்ணின் அப்பாவுக்கு நேர் பின்னால் இருந்தேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பாட்டுத்தாள் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. விகார் அடுத்த வரியைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் நின்றது. ஏன் என்று யாரிடமும் கேட்க முடியவில்லை, அந்தத் தாள் மட்டும் அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது.

பழைய மாணவன்:
நீங்களெல்லாம் விருந்தாளிகள், நான் குற்றவாளி. ஷெஃபீல்டில் படிக்கும்போது ஒரு வயதான அம்மா வீட்டில் வாடகைக்கு அறை. பரீட்சை நேரம், ராத்திரி ஒரு மணி, கடும் பசி. சமையலறை மேல்தட்டில் ஒரு தகர டப்பா, உள்ளே தாளில் சுற்றி, கறுப்பாக ஒரு பழக் கேக். ஒரு துண்டு என்று ஆரம்பித்தது, நாலு ராத்திரியில் பாதி காலி. அது அவர் மகளின் கல்யாணக் கேக்கின் உச்சி அடுக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? முதல் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு எடுத்து வைப்பார்களாம், பிராந்தி ஊற்றி ஊற்றி வருடக்கணக்கில் கெடாமல் காப்பார்களாம். மகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அந்த அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தார், மூடினார், "நன்றாக இருந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

ரெடிங் ராசா:
இருந்ததா?

பழைய மாணவன்:
பிராந்தி கொஞ்சம் தூக்கல்.