புதுப்பிப்பு: மிக்1 என்ற ஈஸ்ட் புரதம் உட்கருவுக்குள் போகாததற்குக் குற்றவாளி நான்தான்

சென்ற வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: குளுக்கோஸ் இருக்கும்போது உட்கருவில் இருக்கவேண்டிய மிக்1, பச்சையாக ஒளிரும் புரதத்துடன் இணைத்துப் பார்த்தபோது, ஈஸ்ட் செல்லின் உட்கருவில் சேராமல் செல் முழுக்கப் பரவிக் கிடக்கிறது, உள்ளே செல்லும் வழியே பழுதோ என்று.

பழுது என் கையில். நுண்ணோக்கியில் வைக்கும் முன் செல்களைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவியிருந்தேன். தாமிரபரணித் தண்ணீர் இனிக்கும் என்பது நெல்லைப் பெருமை. ஈஸ்ட் கேட்பதோ குளுக்கோஸ். அது இல்லாமல் போன சில நிமிடங்களில் ஸ்னஃப்1 என்ற நொதி மிக்1 மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. எம்எஸ்என்5 என்ற ஏற்றுமதிப் புரதம் அதை உட்கருவிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடுகிறது. நேற்று பாளையங்கோட்டை ஆய்வகத்தில் 2 சதவீதக் குளுக்கோஸ் உள்ள ஊடகத்திலேயே கழுவினேன். மிக்1 உட்கருவில் சேர்ந்து, செல்லுக்கு ஒரு பச்சைப் பொட்டு!

"செல் பிரியும்போது உட்கருச் சவ்வு உடையுமே, அப்போது நுழையாதா?" என்று கேட்டவருக்கு: நம் செல்களில் உடையும், ஈஸ்டில் உடையாது. பெரிய புரதங்களுக்கு அந்தச் சவ்விலுள்ள துளைதான் வாசல். உள்ளே போகவேண்டிய புரதமான வழக்கமான சரக்கை, இம்போர்ட்டின் ஆல்பா, பீட்டா என்ற சுமைதூக்கிப் புரத ஜோடி தூக்கிவரும். உள்ளே குவனோசின் டிரைபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறை ஏந்திய ரான் என்ற புரதம், பீட்டாவைப் பற்றியதும் சரக்கு இறங்கிவிடும்.

பழைய படங்களை நீக்கவில்லை. கழுவும் நீரைச் சந்தேகிக்கச் சொன்ன அண்ணாச்சிக்கு ஒரு அல்வாப் பொட்டலம் பாக்கி.