'வேலிடேஷன்' என்பதற்குத் 'தகுதிச் சோதனை' என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒலிச் செருகுநிரல் (இசை மென்பொருளில் செருகிப் பயன்படுத்தும் பிளக்இன்) சொற்பட்டியலில் 'வேலிடேஷன்' மட்டும் இன்னும் இழுபறியாகவே நிற்கிறது. இப்போது அங்கே இருப்பது 'சரிபார்ப்பு'. அதை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

கும்பகோணம் பக்கம் நாகஸ்வரம் பயிலும் பிள்ளைகளுக்காக ஒரு செருகுநிரல் செய்துவருகிறோம். நரசிங்கம்பேட்டையில் பதிவு செய்த ஒத்தின் (நாகஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் துணைக் குழல்) ஒலியை விடாமல் சுருதியாகத் தருவது அது. ஆப்பிளின் இசைப்பதிவு மென்பொருளான லாஜிக் புரோ அதை ஏற்க மறுத்தபோது, உதவிக் குறிப்பில் 'சரிபார்ப்பு தோல்வி' என்று படித்த ஒரு வித்வான், உரிம எண்ணைக் கேட்கிறது போலிருக்கிறது என்று நினைத்தார். இன்னொருவர் சுருதி சேரவில்லையோ என்று கேட்டார். இருவர் மீதும் குற்றமில்லை. வங்கி, ஆதார், ஓடிபி என்று எங்கு பார்த்தாலும் 'சரிபார்ப்பு' என்றால் ஆளை அடையாளம் பார்ப்பதுதான்.

இங்கே நடப்பது வேறு. ஆப்பிளின் ஏயூவேல், டிராக்ஷன் நிறுவனம் திறந்த மூலமாகத் தரும் பிளக்இன்வேல் போன்ற நிரல்கள், ஹோஸ்ட் (லாஜிக் போல, செருகுநிரலைத் தன்னுள் ஏற்றி இயக்கும் மென்பொருள்) எப்படியெல்லாம் நடத்துமோ அப்படியெல்லாம் செருகுநிரலை நடத்திப் பார்க்கின்றன. மாதிரி வீதத்தை (ஒரு நொடி ஒலியை எத்தனை எண்களாக எடுப்பது என்பதை) 44,100, 48,000, 96,000 என்று மாற்றும். திரையைத் திறந்து மூடும். நிலையை, அதாவது செருகுநிரலின் அப்போதைய அமைப்புகளை, சேமித்து, கலைத்து, மீட்டெடுக்கும். நாதம் இனிமையாக இருக்கிறதா என்பது அவற்றின் கவலையே இல்லை. நன்றாக ஓடும் பேருந்தாக இருந்தாலும் எஃப்.சி. இல்லாமல் ரோட்டில் இறங்க முடியாது, அதுபோலத்தான்.

எங்களுக்கு வந்த பிழையையே சொல்கிறேன். சுருதித் தேர்வில் 1, 1½, 2, 2½, 3 கட்டை என ஐந்து படிகள். எங்கள் அமைப்பில் ஹோஸ்ட் அதை 0 முதல் 1 வரையிலான எண்ணாகத்தான் அனுப்பும். சோதனை நிரல் 0.4 அனுப்பியது. எங்கள் நிரல் அதை அருகிலிருந்த படிக்குத் தள்ளி, 'என்னிடம் இருப்பது 0.5' என்று பதில் சொன்னது. வாசிப்பவருக்கு அது 2 கட்டை, ஒரு குறையும் இல்லை. சோதனை நிரலோ, தந்த மதிப்பை அளவுரு (மாற்றக்கூடிய அமைப்பு, இங்கே சுருதித் தேர்வு) தக்கவைக்கவில்லை என்று நிறுத்திவிட்டது. தீர்வு இதுதான்: இந்த அளவுரு ஐந்து படிகள் கொண்டது என்று ஹோஸ்டிடம் முதலிலேயே அறிவிப்பது, வந்த மதிப்பை அப்படியே வைத்துக்கொள்வது, ஒலியை எழுப்பும் இடத்தில் மட்டும் படிக்கு மாற்றுவது. அப்புறம் லாஜிக்கின் பிளக்இன் மேலாளரில் மறு ஆய்வும் செய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய முடிவே நிற்கும்.

இதையெல்லாம் தாங்கும் சொல்தான் வேண்டும். மன்னார்குடி அண்ணன் முன்வைத்த 'செல்லுபடியாக்கம்' பொருளில் சரிதான். ஆனால் செல்லுபடியாக்குவது என்றால் ஒன்றைச் செல்லும்படி செய்வது. இந்த நிரல்கள் எதையும் செய்து தருவதில்லை, பார்த்துச் சொல்கின்றன, அவ்வளவே. 'ஏற்புச் சோதனை' வாடிக்கையாளர் பார்த்து ஏற்கும் சோதனைக்கு ஏற்கெனவே புழங்குகிறது. 'தகுதிகாணி' அழகாக இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கம் காணி என்றதும் நிலம்தான் நினைவுக்கு வரும். அரசு வேலையில் இருப்பவருக்குத் 'தகுதிகாண்' என்றாலே பணியின் தொடக்கப் பருவம்.

ஆகவே 'தகுதிச் சோதனை'. சோதிக்கும் நிரலுக்குத் 'தகுதிச் சோதிப்பான்'. இதில் எனக்கு மிகவும் பிடித்தது வினைதான். 'தோல்வியடைந்தது' என்று எழுதவே வேண்டாம். 'தேறியது', 'தேறவில்லை' போதும். 'நிலை மீட்பில் தேறவில்லை' என்றால் எங்கே பார்க்க வேண்டும் என்பது நிரலாளருக்கும் தெரியும், உரிம எண்ணில் சிக்கல் இல்லை என்பது வித்வானுக்கும் புரியும்.

ஹோஸ்டை ஹோஸ்ட் என்றே விடலாம். 'புரவலன்' என்றால் இசைக்காரர்கள் கச்சேரிக்குப் பணம் தருபவரைத்தான் நினைப்பார்கள்.

இன்னொன்று பாக்கி. பிளக்இன்வேலில் 1 முதல் 10 வரை எவ்வளவு கண்டிப்பாகச் சோதிப்பது என்று தேர்ந்தெடுக்கலாம். ஹோஸ்டுகளோடு ஒத்துப்போக 5 ஆவது தேற வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அதற்குக் 'கறார் நிலை' என்று வைக்க விரும்புகிறேன். 'கறார் நிலை 5 தேறியது' என்பது வாயில் தடையில்லாமல் வருகிறது. கறார் பேச்சுச் சொல்லாயிற்றே என்று தயங்குபவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள், இரண்டையும் பிழைச் செய்திகளில் பொருத்திப் பார்த்துவிடலாம்.