நைட்ரஜன் மிகுந்தால் காட்டு மரங்களின் நுண்வேர்கள் குறைகின்றனவா?

கேள்வி:
வணக்கம். மிதவெப்ப மண்டலக் காடுகளில் மண்ணில் நைட்ரஜன் சேரச் சேர மரங்களின் நுண்வேர்கள் குறைகின்றன என்று ஒரு கட்டுரையில் படித்தேன். வேர்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்கிறது மற்றொன்று. ஊட்டம் கூடும்போது வேர் ஏன் குறைய வேண்டும்? அவ்வாறு குறைவதை மரம் நலிவதன் அறிகுறியாகக் கொள்ளலாமா?

பதில் (மண்ணியல் ஆய்வாளர்):
குறைவது மட்டுமே நலிவின் அறிகுறி ஆகாது. இலைகள் உருவாக்கும் சர்க்கரையில் கணிசமான பங்கை மரம் வேர்களுக்கும், அவற்றோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சைகளுக்கும் அனுப்புகிறது. நைட்ரஜன் எளிதில் கிடைக்கும்போது அந்தச் செலவைக் குறைத்து, தண்டுக்கும் இலைக்கும் கூடுதலாக ஒதுக்க அதனால் முடிகிறது. எனக்குக் கவலை தருவது பூஞ்சைகளின் நிலைதான். வேர்நுனிகளை உறைபோல் மூடி வாழும் பூஞ்சைகளில் கார்டினேரியஸ் போன்ற பேரினங்கள் நைட்ரஜன் மிகுந்த மண்ணில் அருகிவிடுகின்றன. அவற்றோடு, மக்கும் பொருள்களிலிருந்து சத்தைப் பிரித்தெடுத்து மரத்துக்குத் தரும் திறனும் குறைகிறது.

பதில் (காட்டுச் சூழலியல் மாணவி):
தாங்கள் படித்த இரண்டும் சரியாகவே இருக்கலாம். எந்த வடிவில், எவ்வளவு நைட்ரஜன், எந்த மண்ணில் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஹார்வர்டு காட்டில் 1988 முதல் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 50 கிலோ, 150 கிலோ என இரு அளவுகளில் அமோனியம் நைட்ரேட்டாக நைட்ரஜன் இடப்பட்டது. உயர்ந்த அளவு பெற்ற செம்பைன் மரங்கள் காலப்போக்கில் பெருமளவில் மடிந்தன. மிச்சிகனில் 1994 முதல் சர்க்கரை மேப்பிள் காடுகளுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 30 கிலோ நைட்ரஜன் சோடியம் நைட்ரேட்டாக இடப்பட்டபோதோ நுண்வேர்த் தொகுதியில் பெரிய மாற்றம் தென்படவில்லை, மரங்களும் நன்றாக வளர்ந்தன.

அமோனியத்தை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது மண்ணின் அமிலத்தன்மை உயர்கிறது. நைட்ரேட் நீரோடு இறங்கும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் உடன் இழுத்துச் செல்கிறது. அமில மண்ணில் கரைந்து வெளிப்படும் அலுமினியம் வேர்நுனிகளைத் தாக்கி, எஞ்சிய கால்சியத்தை உறிஞ்சுவதையும் தடுக்கிறது. இவ்வகையில் நேரும் வேர் இழப்பைச் செலவுக் குறைப்போடு ஒன்றாக எண்ணக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், களத்தில் இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது?

பதில் (மண்ணியல் ஆய்வாளர்):
வேரின் எடையை மட்டும் பார்த்துப் பிரித்தறிய முடியாது. பாதி வேர்கள் இருமடங்கு வேகத்தில் தோன்றி மடிந்தால், எடை குறைந்தாலும் ஆண்டு உற்பத்தி அப்படியே இருக்கும். எனவே மண்ணில் புதைத்த ஒளிபுகும் குழாய்களின் வழியே கேமராவால் அதே வேர்களைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, அவற்றின் ஆயுளைக் கணிப்பது நல்லது. 2 மில்லிமீட்டருக்கும் மெல்லியவை அனைத்தையும் நுண்வேர் என்று சேர்த்து எடைபோடும் பழைய வழக்கமும் உண்மையை மறைக்கிறது. உறிஞ்சும் பணி பெரும்பாலும் வேரின் கடைசிக் கிளைகளில்தான் நடைபெறுகிறது. அவற்றின் நுனிகள் கருத்து மடிந்திருக்க, மண்நீரில் அலுமினியத்தோடு ஒப்பிடுகையில் கால்சியம் மிகக் குறைந்தும் இருந்தால், அதை நலிவாகக் கருதலாம்; நுனிகள் நலமாக இருந்து, தண்டின் வளர்ச்சியும் கூடியிருந்தால், மரம் தன் ஒதுக்கீட்டை மாற்றிக்கொண்டது என்றே கொள்வேன்.