ஜிம் வி4-ம் துரஹள்ளி வி1-ம்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பெல்லந்தூர் பல்லி:
பாறை ஏறப் பழகுற ஜிம்ல வி4, வி5-ன்னு (வி-ங்கிறது கஷ்டத்துக்குப் போடுற கிரேடு, எண் கூடக் கூடக் கஷ்டம்) சரசரன்னு ஏறுற பசங்க, பெங்களூர் துரஹள்ளி கிரானைட்ல ஒரு வி1 முன்னாடி திருதிருன்னு முழிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? எங்க ஆபீஸ் கும்பல்ல ஒருத்தன், ஓவர்ஹேங்ல, அதாவது நம்ம பக்கம் கவிழ்ந்து நிக்கிற சுவர்ல, தொங்கிக்கிட்டே கதை பேசுவான். அவனை ஒரு சின்ன ஸ்லாப் கிட்ட கூட்டிட்டுப் போனோம். சாய்வான பாறை, பிடிக்கன்னு ஒண்ணுமே இல்லை. கை ரெண்டும் பாறையைத் தடவிக்கிட்டே இருக்கு, குதிகாலைத் தூக்கிக்கிட்டு விரல் நுனியில நிக்கிறான், வழுக்கிக்கிட்டே வர்றான். பக்கத்துல கை வழுக்காம இருக்க சாக் பவுடர் பூசிக்கிட்டிருந்த கன்னடக்காரர் ஒருத்தர் "காலு நம்பு குரு, காலு நம்பு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். குதிகாலை இறக்கி, இடுப்பைப் பாறையிலிருந்து கொஞ்சம் வெளியே தள்ளினதும் ஷூ ரப்பர் முழுசாப் பதிஞ்சு ஒட்டிக்கிச்சு. ஏறி இறங்கி வந்து கேட்டான்: "இதைப் போய் வி1-னு எவன் சொன்னது?" எனக்கும் அதே கேள்விதான்.

ஜெயநகர் அண்ணாச்சி:
தம்பி, சொன்னவர் அந்தப் பாறையை முதல்ல ஏறினவர். அவர் ஒரு கிரேடு சொல்வார், பின்னாடி ஏறுறவங்க ஆமாம்பாங்க, இல்லைன்னா ஒண்ணு கூட்டிக் குறைப்பாங்க. கிரேடுங்கிறது அவ்வளவுதான், கூடி எடுத்த அபிப்பிராயம். பின்லாந்துல 'பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்'னு ஒரு பாறை. நல்லே ஹுக்கட்டைவல் 2016-ல ஏறி, வி17-ன்னு முன்மொழிஞ்சார். அது வரைக்கும் உலகத்துல அந்த எண்ணே கிடையாது. அடுத்த ஆள், வில் போசி, அதை ஏறினது 2023-ல. கிட்டத்தட்ட ஏழு வருஷம் ஒருத்தர் சொன்ன சொல்லு மட்டும்தான் நின்னுச்சு.

வி அளவு பிறந்தது அமெரிக்காவுல, டெக்சஸ் பக்கம் ஹ்வேகோ டாங்க்ஸ்ங்கிற இடத்துல. ஜான் ஷெர்மன்னு ஒருத்தர் அந்தப் பாறைகளுக்குப் போட்ட கையேடு வழியாப் பரவுச்சு. அது அளக்கிறது மூவ், அதாவது ஏறுறப்போ செய்யுற அசைவு, எவ்வளவு கஷ்டம்ங்கிறதை மட்டும். உயரம், பயம், கீழே விழுந்தா முள்ளா மண்ணாங்கிறது எதுவும் அந்த எண்ணுல வராது. உங்க ஆபீஸ் பையனுக்குத் தோள்பலம் இருக்கு, பாதத்துக்குப் பழக்கம் இல்லை. அந்த எண் இது ரெண்டையும் பிரிச்சா பார்க்கும்?

ஜிம் கதை வேற. சுவர்ல ஹோல்டை, அதாவது பிடிகளை, திருகி மாட்டுற செட்டர்தான் அங்க கிரேடு போடுறார். வர்றவங்க மனசு விட்டுடாம திரும்ப வரணும்ங்கிற கணக்கும் அதுல கொஞ்சம் கலந்திருக்கும் (ஜிம்காரங்க கோவிச்சுக்காதீங்க). வி போடாம வெறும் கலர் மட்டும் ஒட்டுற ஜிம்தான் என்னைக் கேட்டா நேர்மையானது.

குட்டைக் கை:
அண்ணாச்சி, அந்த "கூடி எடுத்த" கூட்டத்துல என் உயரத்துக்காரங்க எத்தனை பேர் இருந்தாங்கன்னும் சொல்லுங்க! நான் அஞ்சடிக்கும் கம்மி. நாங்க வழக்கமாப் போற இடத்துல ஒரு வி2 இருக்கு. மத்தவங்க தரையில நின்னபடியே கையை நீட்டி நல்ல பிடியைப் புடிச்சிடுவாங்க. நான் நடுவுல நகம் மட்டும் நிக்கிற ஒரு க்ரிம்ப்பைப் புடிச்சு, காலை இடுப்பு உயரத்துக்கு வெச்சு, அதுக்கப்புறம்தான் அந்தப் பிடிக்கு வரணும். எனக்கு அது வி4, சந்தேகமே இல்லை. ஆனா உட்கார்ந்து தொடங்குற சிட் ஸ்டார்ட்ல ஆறடி அண்ணன்மார் முழங்காலை எங்க மடக்கி வைக்கிறதுன்னு தவிக்கிறதைப் பார்க்கிற சுகம் இருக்கே, அதைத் தனியா எழுதணும்.

மல்லேஸ்வரம் மாதவன் இல்லை:
ஹம்பி போயிட்டு பாதாமியும் போறவங்களுக்கு ஒண்ணு. ரெண்டு இடத்துலயும் 7ஏ-ன்னு பேச்சு வரும், ரெண்டும் ஒண்ணு கிடையாது. ஹம்பி கிரானைட் உருண்டைகள்ல கீழே க்ராஷ் பேட் மெத்தை போட்டு ஏறுறப்போ சொல்ற 7ஏ, பிரான்சுல ஃபோன்டென்புளோ காட்டுப் பாறைகளோட அளவு. ஆங்கிலத்துல பெரிய எழுத்துல போடுவாங்க, கிட்டத்தட்ட வி6. பாதாமியில மணற்கல் சுவர்ல கயிறு கட்டி ஏறுற ரூட்டுக்குப் போடுறது பிரெஞ்சு ஸ்போர்ட் கிரேடு, சின்ன எழுத்து. அது முழு நீளத்தையும், ஏற ஏறக் கை களைச்சு ஊதிப்போறதையும் சேர்த்துச் சொல்ற எண். அதுல இருக்கிற ஒரே ஒரு மூவைப் பிரிச்சு எடுத்தா வி6 பக்கத்துலகூட வராது. பாதாமியில 7ஏ முடிச்ச தெம்புல ஹம்பி 7ஏ-வைத் தொட்ட நண்பர் ஒருத்தருக்கு, முதல் பிடியைப் புடிச்சு பின்பக்கத்தைத் தரையிலிருந்து தூக்கவே சாயங்காலம் ஆச்சு.

புதுசு:
ஒரு முட்டாள் கேள்வி. கயிறு கட்டி ஏறுற ரூட்டுக்கு 5.9, 5.10-ன்னும் கிரேடு போடுறாங்களே, 5.10 எப்படி 5.9-ஐ விடக் கஷ்டம்? கணக்குப்படி 5.10 சின்னதுதானே?

பெல்லந்தூர் பல்லி:
நீங்களும் ஐடிதானே? வெர்ஷன் நம்பர் மாதிரி படிங்க, சரியாப் போயிடும். அமெரிக்க யோசெமிட்டி அளவு அது. ஒண்ணாம் வகுப்புன்னா வெறும் நடை, மூணுல கை ஊனணும், அஞ்சுன்னா கயிறு கட்டாயம். அந்த அஞ்சைப் பத்தாப் பிரிச்சு, 5.9-க்கு மேல மனுஷனால ஆகாதுன்னு 1950-கள்ல நினைச்சாங்க. ஆச்சு. எண்ணை மாத்த மனசில்லாம 5.10, 5.11-ன்னு நீட்டிக்கிட்டே போயிட்டாங்க.

மாகடி ரோடு:
மாகடி பக்கத்து சாவன்துர்கா மலை பத்தி யாரும் சொல்லலையே. அங்க ஸ்லாப்ல கிரேடைப் பார்த்தா சிரிப்பு வரும், அவ்வளவு லேசு. ஆனா கயிறு மாட்டப் பாறையில அடிச்சிருக்கிற ஒரு போல்ட்டுக்கும் அடுத்த போல்ட்டுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை அந்த எண் சொல்லாது. கடைசி போல்ட் காலுக்குக் கீழே ரொம்ப தூரத்துல இருக்கிறப்போ, லேசான மூவ்லயும் கெண்டைக்கால் தந்தி அடிக்கும். இங்கிலாந்துக்காரங்க இதுக்காகவே ரெண்டு கிரேடு சேர்த்துப் போடுறாங்க. ஒண்ணு ஆபத்தையும் சேர்த்து மொத்த ரூட்டுக்கு, இன்னொண்ணு கஷ்டமான மூவுக்கு மட்டும். நம்ம ஊருக்கு அதுதான் பொருத்தம்னு நினைக்கிறேன். அது இல்லாத வரைக்கும், எண்ணைக் கேட்கிறதோட "போல்ட் எப்படி"ன்னும் கேளுங்க.

ஜெயநகர் அண்ணாச்சி:
கேட்கிறப்போ எந்த மாசம் ஏறினாங்கன்னும் கேளுங்க. டிசம்பர், ஜனவரி குளிர்ல காலையில ஒட்டுற அதே ஸ்லாப், ஏப்ரல் மதியம் உள்ளங்கை வியர்வையில சோப்புக்கட்டி. புதுசு, வர்ற ஞாயிறு காலை ஆறரைக்கு நாங்க துரஹள்ளி போறோம், வனத்துறை விடுறாங்களான்னு விசாரிச்சுட்டுச் சொல்றேன். க்ராஷ் பேட் ரெண்டு இருக்கு, ஷூ மட்டும் உங்களோடது.