முற்றத்து மரத்தளத்துக்கு எந்தப் பலகை?

கேள்வி – கிளிநொச்சி
பின் விறாந்தையை ஒட்டி, வேம்பின் நிழலில், திறந்த மரத்தளம் ஒன்று அமைக்க எண்ணியுள்ளேன். முதிரை நெடுங்காலம் உழைக்குமென்றாலும், அதற்காக இன்னுமொரு காட்டு மரம் விழுவதற்கு மனம் ஒப்பவில்லை. கறையானையும் மாரி ஈரத்தையும் தாங்கும் மாற்று எது?

மறுமொழி – வவுனியா
முதிரையைத் தவிர்க்க வேண்டியதில்லை. புதிதாக வெட்டியதைத் தவிர்த்தால் போதும். இடிக்கப்படும் பழைய வீடுகளின் முதிரை, பாலை வளைகளும் நிலைகளும் விலைக்கு வருகின்றன. பல்லாண்டு காய்ந்த மரமாதலால் அவை இனி அதிகம் முறுகுவதில்லை. மரக்காலைக்குக் கொண்டுசெல்லுமுன் உள்ளே முறிந்து கிடக்கும் ஆணிகளைக் காந்தத்தால் தேடி எடுத்துவிடுங்கள். இல்லையேல் வாளின் பல் போய்விடும்.

மறுமொழி – முல்லைத்தீவு
பனையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். முதிர்ந்த பனையின் புறவைரம் கூரைக்கு நிகரற்றது. ஆனால் மழை படும் தளத்தில் அதன் நார் பிரிந்து, வெறுங்காலில் சிராய் ஏறும். தறிப்பதற்கு அனுமதியும் பெறவேண்டும்.

மறுமொழி – மன்னார்
மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையைக் கறையான் எளிதில் அரிக்காது. எனினும் நம் வெயிலில் அது சுட்டு விரிவதோடு, கலவைப் பொருளாதலால் மீள்சுழற்சிக்கும் கடினமானது. ஆர்செனிக் கலந்த மருந்தூட்டிய மரத்தை அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டுத் தளங்களுக்கு உற்பத்தி செய்வதை நிறுத்திவிட்டார்கள். இங்கும் அதை வாங்காதீர்கள். எம்மரமாயினும், மண்ணில் தொடாமல் சீமெந்துக் கட்டைகள்மேல் உயர்த்தி, பலகைகளிடையே சிறுவிரல் நுழையாத அளவு இடைவெளி விடுங்கள். கறையான் மண்குழாய் எழுப்பினால் உடனே கண்ணில் படும்.