தகேதா மலைக்கோட்டையின் கற்சுவர் யாருடையது?

மேகப்பயணி:
சென்ற நவம்பரில் ஜப்பானின் ஹ்யோகோ மாநிலத்திலுள்ள தகேதா கோட்டைக்குச் சென்று வந்தேன். விடியுமுன் எதிர்மலையில் ஏறி நின்றபோது, மருயாமா ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி பள்ளத்தாக்கை நிரப்பியிருக்க, கோட்டை மட்டும் அதன்மேல் மிதந்தது. 1431இல் படைத்தலைவர் யமானா சோசென் எழுப்பத் தொடங்கிய அந்தக் கற்சுவர்கள் 600 ஆண்டுகளாக அசையாமல் நிற்பதை எண்ணினால் மெய்சிலிர்க்கிறது.

கல்தச்சன்:
பனியைப் பற்றி எழுதியது சரி, சுவரைப் பற்றி எழுதியது தவறு. யமானா காலத்துக் கோட்டை மண்ணால் ஆனது. மலையைச் செதுக்கி மேடாக்கி, சரிவுகளில் செங்குத்தான அகழிகளை வெட்டி, மரவேலி அடித்துக் காத்தார்கள். நீங்கள் பார்த்த கற்சுவர் 1585இல் கோட்டையைப் பெற்ற அகமத்சு ஹிரோஹிதே காலத்தது. நூற்றைம்பது ஆண்டு வித்தியாசத்தை எப்படி விழுங்கினீர்கள்?

மேகப்பயணி:
1431 என்று அங்கே வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். ஊர்க்காரர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

கல்தச்சன்:
அவர்கள் சொல்வது கோட்டை தோன்றிய ஆண்டு; நான் கேட்பது சுவரின் ஆண்டு. சுவரின் மூலையை ஒருமுறையாவது உற்றுப் பார்த்தீர்களா? நீளமான கற்களை ஒரு வரிசையில் இடப்பக்கமும் அடுத்த வரிசையில் வலப்பக்கமும் நீட்டி, மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். செதுக்காத கல்லை அப்படியே வைத்து, இடுக்குகளில் சிறு கல்லைச் செருகி, பின்புறம் சல்லியை நிரப்பி மழைநீரை வடியவிடும் இந்த முறை பிவா ஏரியைச் சுற்றியுள்ள ஓமி நாட்டின் அனோ ஊர்க் கல்தச்சர்களின் கைவேலை என்றே சொல்லப்படுகிறது. 1576இல் போர்த்தலைவர் ஓடா நொபுனாகா அசூச்சியில் கோட்டை கட்டத் தொடங்கிய பிறகே இப்படி மலை முழுவதையும் கல்லால் சுற்றும் வழக்கம் பரவியது.

பழங்கோட்டை:
நீங்கள் சொல்வதும் முழு உண்மையன்று. அசூச்சிக்கு முன்பே, 1550களில், ரொக்காகு குலத்தார் கன்னோன்ஜி மலைக்கோட்டையில் கற்சுவர் கட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் நொபுனாகாவின் கணக்கில் எழுதுவது உங்கள் பழைய பழக்கம்.

கல்தச்சன்:
தம்பி, 1550கள் என்றாலும் 1431க்கு நூறாண்டுக்கும் மேல் பிந்தியதுதான். உங்கள் சான்று என் பக்கமே நிற்கிறது.

பழங்கோட்டை:
என்னைத் தம்பி என்று அழைக்கும் உரிமையை நான் உங்களுக்குத் தரவில்லை. நான் மேகப்பயணிக்காகப் பேசவும் இல்லை. அசூச்சிக்குப் பிறகே என்ற உங்கள் சொல்லைத்தான் மறுத்தேன். போன மாதம் இன்றைய ஹிமேஜிக் கோட்டைக் கோபுரத்தை, நொபுனாகாவுக்குப் பின் நாட்டை ஆண்ட ஹிதெயோஷி கட்டியதாக எழுதி, இகெதா தெருமாசா 1609இல் முடித்தது என்று நான் காட்டியபோது, பதில் சொல்லாமல் போனவர் நீங்கள்.

கல்தச்சன்:
ஹிமேஜியை இங்கே இழுக்க வேண்டாம். இங்கே பேச்சு தகேதாவின் சுவரைப் பற்றியது. அந்தச் சுவர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. அகமத்சு ஹிரோஹிதே அதை அதிக காலம் ஆளவில்லை. 1600இல் ஜப்பானை யார் ஆள்வது என்று தீர்த்த செகிகஹாராப் போருக்குப் பின், தொத்தோரி கோட்டை நகரை எரித்த பழியைச் சுமந்து வயிற்றைக் கிழித்து மாண்டார். கோட்டையும் அத்தோடு கைவிடப்பட்டது. அந்த மனிதரின் கட்டுமானத்தைப் பறித்து யமானாவுக்குக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

மலைவாசி:
இருவரும் ஆண்டுகளுக்காக அடித்துக்கொள்கிறீர்கள். 2013இல் அங்கே வந்தவர்களின் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. மிதிபட்டுப் புல் அழிந்து, மண் கரைந்து, சுவரின் அடித்தளமே ஆட்டங்காணும் என்று அஞ்சும் நிலை வந்தது. விடியற்காலைப் படத்துக்காக முண்டியடிப்பவர்களைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

மேகப்பயணி:
நான் தடுப்புக் கயிற்றைத் தாண்டியதில்லை. என்னை அந்தக் கூட்டத்தோடு சேர்க்காதீர்கள்.

மலைவாசி:
உங்கள் பெயரை நான் சொல்லவில்லையே.

கல்தச்சன்:
கூட்டத்தைப் பற்றித் தனியே பேசலாம். சுவருக்குக் கீழே சரிவில் இறங்கினால் அந்தச் செங்குத்து அகழிகள் இன்றும் தெரியும். முந்தைய கோட்டையின் தடம் அதுதான். மேலே கல், கீழே மண். 1431ஐக் கல்லின்மீது எழுதாதீர்கள்.

மேகப்பயணி:
யமானா தொடங்கவில்லை என்றால் அகமத்சுவுக்கு அந்த மலையில் என்ன வேலை? நான் எழுதிய ஆண்டைத் திருத்தப்போவதில்லை.

பழங்கோட்டை:
கன்னோன்ஜிக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை.